கிணற்றுக்கு யார் காவல்?



ஒழலப்பதியிலிருந்தும் கோழிப்பாறையிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும், சாயங்காலப் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிய கையோடு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரம் எனக்குப் பெரிது. அதனால் சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வருகிறேன். நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுந்ததுதானா? தகுந்தது என்றால், அது எப்படித் தெரியும்? தகாதது என்றால் என்ன செய்வது? இந்த மூன்று கேள்விகளுக்கு விடை தேடத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். குழாயில் வரும் தண்ணீர் கலங்கி வந்தால் என்ன செய்கிறீர்கள்? வார்டு மெம்பரைக் கூப்பிடுகிறீர்கள், பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகிறீர்கள், வாட்டர் அதாரிட்டியைக் கேள்வி கேட்கிறீர்கள். கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார். உங்கள் வீட்டுக் கிணறு கெட்டால் யாரைக் கேட்பீர்கள்? அதற்கு இன்ஜினியர் யார்? அதைச் சோதிக்கும் அதிகாரி யார்? ஒருவரும் இல்லை. தோண்டியவர் நீங்கள், குடிப்பவர் நீங்கள், காவலும் நீங்கள்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் நூறு வீடுகளில் 62 வீடுகளுக்குக் கிணறுதான் குடிநீர் ஆதாரம். அத்தனை வீடுகளிலும் இதே நிலைதான்.

"எங்கள் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வாடை இல்லை, ருசி நன்றாக இருக்கிறது, அப்பா காலத்திலிருந்து குடிக்கிறோம்" என்று சொல்வீர்கள். அந்தச் சொல்லில் இருக்கும் பெருமிதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் காலராக் கிருமிக்கு நிறம் உண்டா? மஞ்சள் காமாலை வைரசுக்கு வாடை உண்டா? ஃபுளோரைடுக்கு ருசி உண்டா? நைட்ரேட்டைக் கண்ணால் பார்த்தவர் உண்டா? கண்ணும் மூக்கும் நாக்கும் கண்டுபிடிக்காத கேடுகள்தான் கிணற்றில் பெரிய கேடுகள்.

அடுத்து நம் மண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள். கேரளம் என்றாலே மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நம் வடகரப்பதிப் பஞ்சாயத்துக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். மேற்கே கொட்டுகிற மழை பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி நம் பக்கம் வருவதற்குள் மெலிந்துவிடுகிறது. எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி ஆகிய மூன்றும் மழை மறைவில் கிடக்கும் ஊர்கள். கேரளத்தில் கரிசல் மண் இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள்; நம் சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. வரட்டாறு என்று ஆற்றுக்கே பெயர் வைத்திருக்கும் நாடு இது. ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று ஒவ்வொரு வருடமும் காத்துக் கிடக்கிறோம்.

மழை குறைந்தால் நாம் என்ன செய்தோம்? ஆழப்படுத்தினோம். கல்லுக்கட்டுக் கிணறு வற்றியதும் அதற்குள்ளேயே போர் இறக்கினோம். அதுவும் வற்றியதும் தோட்டத்து மூலையில் இன்னொரு போர், இன்னும் ஆழமாக. 2017-இல் மத்திய நிலத்தடி நீர் வாரியம் போட்ட கணக்கில், கேரளத்திலேயே ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சும் ஒன்றியம் என்று ஒன்றே ஒன்றுதான் குறிக்கப்பட்டது. அது நம் சித்தூர். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இருக்கிறது. கிணற்று நீரைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று மேலிருந்து வருவது: கக்கூஸ் குழி, சாணக்குழி, முதல் மழையில் கிணற்றடிக்கு ஓடி வரும் அழுக்குத் தண்ணீர். மற்றொன்று கீழிருந்து வருவது: பாறையிலிருந்து கரையும் உப்புகள். மேலிருந்து வருவது ஆழம் குறைந்த கிணற்றில் அதிகம், மழைக்காலத்தில் அதிகம். கீழிருந்து வருவது ஆழ்துளைக் கிணற்றில் அதிகம், வறட்சியில் அதிகம். மேலே இருக்கும் கேட்டுக்குப் பயந்து ஆழத்துக்குப் போனவர்கள் கீழே இருக்கும் கேட்டின் கையில் சிக்குகிறார்கள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றைத் தீர்க்காது. சில நேரம் அதை அதிகமாக்கிவிடும்.

இது வெறும் ஊகமா? வங்கதேசத்தைப் பாருங்கள். அங்கே ஒரு காலத்தில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அதைத் தடுக்க 1970-களிலிருந்து யுனிசெஃப் போன்ற அமைப்புகள் துணை நிற்க, ஊர் ஊராகக் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். தண்ணீர் தெளிவாக வந்தது. கிருமியும் குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். பாறையிலும் வண்டலிலும் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் சோதிக்கவில்லை. 1993-இல்தான் அந்த நீரில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. அதற்குள் கோடிக்கணக்கானோர் வருடக்கணக்கில் குடித்துவிட்டார்கள். நல்ல மனதோடு செய்த வேலை, சோதனை இல்லாததால், ஒரு தேசத்தின் தோலையும் ஈரலையும் கெடுத்தது. இதைப் படித்த நாளிலிருந்து, "போர் தண்ணீர் என்றால் பயமில்லை" என்று யாராவது சொன்னால் என் மனம் பதைக்கிறது.

நம் பாறையில் ஆர்சனிக் கவலை இல்லை. நம் கவலை ஃபுளோரைடு. பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு வரம்பைத் தாண்டியிருப்பதை மத்திய நிலத்தடி நீர் வாரியம் பதிவு செய்திருக்கிறது. நமக்குக் கீழே கிடப்பது பழங்காலப் பட்டைப் பாறை. அதில் இருக்கும் சில தாதுக்களில் ஃபுளோரைடு உண்டு. தண்ணீர் அந்தப் பாறை வெடிப்புகளில் எத்தனை காலம் தங்குகிறதோ அத்தனை கரைகிறது. புது மழை ஊறி நீர்த்துப்போகச் செய்தால் அளவு குறையும். மழை இல்லாமல், பழைய தண்ணீரையே ஆழத்திலிருந்து உறிஞ்சினால் அளவு ஏறும்.

இந்திய தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழி இல்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் போனால் முதலில் காட்டிக் கொடுப்பது குழந்தைகளின் பல். பல் உருவாகும் வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்கு, பல்லில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு விழும். அதிகமானால் மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறும். எத்தனை தேய்த்தாலும் போகாது. பிள்ளை பல் விளக்குவதில்லை என்று திட்டாதீர்கள் தாய்மார்களே, கறை தண்ணீரிலிருந்து வந்தது. இன்னும் அதிக அளவில் பல வருடம் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். இடுப்பு வளையாது, கழுத்து திரும்பாது. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மருத்துவர்கள் இந்த நோயைக் கண்டு எழுதிவிட்டார்கள். கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் ஆகிறது. இன்னும் ஃபுளோரைடு என்றால் பற்பசை விளம்பரம்தான் பலருக்கு நினைவு வருகிறது.

சரி, இந்தத் தண்ணீரை என்ன செய்வது? காய்ச்சலாமா? கூடாது. காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். பிளீச்சிங் பவுடர் போடலாமா? பயனில்லை, அது கிருமிக்கு மருந்து, உப்புக்கு அல்ல. துணியில் வடிகட்டலாமா? பயனில்லை. கேண்டில் ஃபில்டர்? பயனில்லை. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கித் தெளிய வைக்கும் முறை ஒன்றை நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கியது. நல்கொண்டா முறை என்று பெயர். அளவு தெரிந்தவர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது அது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடைக் குறைக்கும். ஆனால் ஒரு குடம் நல்ல நீருக்கு ஒரு குடத்துக்கு மேல் கழிவு நீரை வெளியே தள்ளும். வற்றுகிற ஊரில் அது எனக்கு உறுத்துகிறது.

நான் மனதார நம்பும் வழி வேறு. குளிக்க, துவைக்க, மாட்டைக் கழுவ, தென்னைக்கு விட, இந்தத் தண்ணீரால் தொந்தரவில்லை. குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் வேறு நீர் வேண்டும். நான்கு பேர் இருக்கும் வீட்டில் அதற்கு நாளுக்கு 20 லிட்டர் போதும் என்று வையுங்கள். வருடத்துக்கு 7,300 லிட்டர். இப்போது கூரையைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஐம்பது சதுர மீட்டர் கூரை, வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று மட்டமாகவே கணக்குப் போட்டாலும் 40,000 லிட்டர். கால்வாசி சிந்திச் சிதறிப் போகட்டும், 30,000 மிஞ்சும். வேண்டியதோ 7,300! நம் தலைக்கு மேல் விழுகிற நல்ல தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஆழத்திலிருந்து கெட்ட தண்ணீரைக் கரண்டு செலவழித்து ஏற்றிக் குடிக்கிறோமே, இது நியாயமா?

திருச்சூர் மாவட்டத்தில் 2008-இல் மழைப்பொலிமா என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். கூரை நீரை மணலும் ஜல்லியும் போட்ட தொட்டி வழியாக வடிகட்டி வீட்டுக் கிணற்றிலேயே விடுவது. அங்கே கிணறு நிறைவதற்காகச் செய்தார்கள். நமக்கு அதில் இரட்டை லாபம்: கிணறும் ஊறும், உப்பும் நீர்த்துப்போகும். பருவத்தின் முதல் மழையில் கூரைத் தூசியும் காக்கை எச்சமும் வரும், அதை வெளியே விட்டுவிடுங்கள். இன்னொன்று, தோட்டத்தில் ஓடும் தண்ணீரை நேரே போர்க்குழிக்குள் திருப்பி விடாதீர்கள். உரமும் பூச்சிமருந்தும் சாணியும் ஒரே பாய்ச்சலில் அடியாழத்துக்குப் போய்விடும். வற்றிப்போன பழைய கிணற்றில் குப்பை கொட்டுவதும் இதே பாவம்தான். உங்கள் செத்த கிணறும் அடுத்த வீட்டு உயிருள்ள கிணறும் பூமிக்கடியில் ஒரே தண்ணீரைத்தான் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

அடுத்த கிணறு என்றதும் பிளாச்சிமடை நினைவுக்கு வராமல் இருக்குமா? நம் பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்துதானே! 2000-இல் கொக்கக் கோலா ஆலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. சிறிது காலத்திலேயே சுற்றுப்புறப் பெண்கள், தண்ணீர் மாறிவிட்டது என்றார்கள். வாயில் வைக்க முடியவில்லை, சமைத்தால் கெடுகிறது, குளித்தால் எரிகிறது என்றார்கள். 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா முன்னால் நின்றார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-இல் அரசின் உயர்மட்டக் குழு 216 கோடி ரூபாய்க்கு மேல் சேதம் என்று மதிப்பிட்டது; 2011-இல் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதா சட்டசபையில் நிறைவேறியது; குடியரசுத் தலைவரின் ஒப்புதல்தான் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-லேயே காலமாகிவிட்டார். நான் இங்கே அந்த வழக்கை நடத்த வரவில்லை. ஒன்றைத்தான் கேட்கிறேன். ஆலை வருவதற்கு முன் அந்த ஊரின் ஒவ்வொரு வீட்டுக் கிணற்றுக்கும் ஒரு சோதனைச் சீட்டு இருந்திருந்தால், அந்தப் பெண்களின் கை எத்தனை பலப்பட்டிருக்கும்? தண்ணீர் நன்றாக இருந்த காலத்தின் சீட்டுதான், அது கெடும்போது உங்களுக்குச் சாட்சி.

இனி மேலிருந்து வரும் கேட்டுக்கு வருகிறேன். ஈ-கோலி என்றொரு கிருமி. அது மனிதர், மாடு, ஆடு ஆகியவற்றின் குடலில் வாழ்வது. கிணற்று நீரில் அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள், அதில் சுற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது இந்திய தர அளவு. கேரளத்தின் கட்டட விதி கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர் வேண்டும் என்கிறது. அது குறைந்தபட்சம். இடம் இருப்பவர்கள் 15 மீட்டர் விடுங்கள். உங்கள் குழியை மட்டும் அளந்தால் போதாது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் எங்கே குழி வெட்டியிருக்கிறார் என்றும் பாருங்கள். அண்ணா, மாமா என்று உறவு சொல்லி அழைக்கும் ஊர் இது, பேசித் தீர்க்கலாம்.

நம் ஊரின் செல்வம் மாடு. அந்த மாட்டின் சாணக்குழி கிணற்றை ஒட்டி இருந்தால் கிருமியோடு நைட்ரேட்டும் இறங்கும். யூரியா கொட்டும் தோப்பிலிருந்தும் அது இறங்கும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால், அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று ஆசா வர்க்கர் சகோதரிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிருமிக்கு மருந்து இரண்டு: நெருப்பும் குளோரினும். தண்ணீர் தளதளவென்று கொதித்துப் புரள வேண்டும், வெதுவெதுப்பு போதாது. கல்யாண வீடுகளில் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய சுடுநீரில், ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீரைக் கலக்கிறார்களே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள்! காய்ச்சிய வேலை அத்தனையும் அந்த ஒரு சொம்பில் வீணாகிறது. மஞ்சள் காமாலை விருந்தாளியோடு ஊர் ஊராகப் போவது இப்படித்தான்.

குளோரின் கணக்கு எளிது. வட்டக் கிணற்றின் விட்டத்தை அடிக் கணக்கில் அளவிடுங்கள். கயிற்றில் கல் கட்டி விட்டுத் தண்ணீரின் ஆழத்தையும் அடிக் கணக்கில் அளவிடுங்கள். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 22-ஆல் பெருக்குங்கள். வருவது ஏறக்குறைய லிட்டர் கணக்கு. 10 அடி விட்டம், 8 அடித் தண்ணீர் என்றால் 17,600 லிட்டர். சதுரக் கிணறானால் நீளம், அகலம், ஆழம் பெருக்கி 28-ஆல் பெருக்குங்கள். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர். ஆக இந்தக் கிணற்றுக்கு 44 கிராம். வெள்ளம் புகுந்தாலோ, தூர் வாரினாலோ, தெருவில் வயிற்றுப்போக்கு பரவினாலோ இரட்டிப்பாக, 88 கிராம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் முழுவதும் கிணறுகளுக்கு இந்த இரட்டை அளவைத்தான் போட்டார்கள்.

பவுடரை அப்படியே அள்ளிக் கிணற்றில் வீசக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த நீரை இன்னொரு வாளியில் ஊற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்கடியில் இறக்கி, மேலும் கீழும் பலமுறை இழுத்து நன்றாகக் கலக்குங்கள். பிறகு ஒரு மணி நேரம் தண்ணீர் எடுக்காதீர்கள். இரட்டை அளவு போட்டால் மறுநாள் எடுங்கள். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாமல் வையுங்கள். தூர் வார ஆள் இறக்கும்போது ஒரு எச்சரிக்கை: நாள்பட்ட கிணற்றின் அடியில் மூச்சுக்குக் காற்று இராது. டீசல் பம்ப்பை உள்ளே இறக்கி ஓட்டினால் விஷப்புகை தேங்கும். இப்படி இறங்கியவரும், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம்!

2025 ஆகஸ்ட் 30, 31 தேதிகளில் கேரளம் முழுவதும் 'ஜலமாணு ஜீவன்' என்ற இயக்கத்தில் கிணறுகளுக்குக் குளோரின் போட்டார்கள். அமீபா மூளைக்காய்ச்சலின் பயம் காரணம். அந்த அமீபா, தண்ணீரைக் குடிப்பதால் மூளைக்குப் போவதில்லை. குளிக்கும்போது மூக்கு வழியாக ஏறுகிறது. அதனால் "நாங்கள் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம்" என்று கிணற்றைக் கைவிட்டவர்களும் தப்பவில்லை. குளிக்கும் தண்ணீருக்கும் காவல் வேண்டும், மொட்டைமாடித் தொட்டியையும் கழுவ வேண்டும். இரண்டு நாள் ஊரே சேர்ந்து செய்தோம், நன்று. மூன்றாம் நாளிலிருந்து யார் செய்வது?

இத்தனைக்கும் முதல் படி சோதனை. வருடத்துக்கு இருமுறை தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள்: மழை தொடங்கிய பின் கிருமிக்கு, சித்திரை வெயிலில் உப்புக்கு. ஹரித கேரளம் மிஷன் பல அரசு ஹயர் செகண்டரி பள்ளிகளின் வேதியியல் ஆய்வகங்களில் தண்ணீர் சோதனைக்கு வசதி செய்திருக்கிறது. பிள்ளைகளே, உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று நாளை ஆசிரியரைக் கேளுங்கள். ஃபுளோரைடு பார்க்க வாட்டர் அதாரிட்டியின் ஆய்வகத்தைக் கேளுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது. ஐஸ் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். வீட்டில் கிடந்த எண்ணெய்ப் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோனால் பாட்டிலின் அழுக்கைத்தான் அளப்பார்கள்.

வங்கதேசத்தில் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? ஏறக்குறைய 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்தார்கள். ஆர்சனிக் வரம்பைத் தாண்டியதற்குச் சிவப்பு வண்ணம், தாண்டாததற்குப் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எந்தக் குழாயில் குடிக்கலாம் என்று தெரிந்தது. சிவப்புக் கிணற்றுக்காரர் பச்சைக் கிணற்றுக்காரர் வீட்டுக்குக் குடத்தோடு போனார். வடகரப்பதியில் வார்டு வார்டாக அதைச் செய்ய முடியாதா? குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் வாரந்தோறும் கூடுகின்றன. ஒரு நோட்டில் கிணறு, ஆழம், தேதி, ஃபுளோரைடு, நைட்ரேட், ஈ-கோலி என்று ஆறு பத்தி போட்டால் போதும். போன வருடத்துச் சீட்டும் இந்த வருடத்துச் சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். சிவப்பு விழுந்த வீட்டைக் குற்றம் சொல்லாமல், அதற்குப் பச்சைக் கிணறு எது அருகில் என்று அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யட்டும். அந்தக் குடத்துக்குச் சாதியோ மொழியோ கேட்கக் கூடாது என்பதையும் அங்கேயே எழுதி வைத்துவிடட்டும்.

கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கிணற்றின் விட்டமும் தண்ணீரின் ஆழமும் தெரிந்தவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். எத்தனை கிராம் என்று இப்போதே கணக்குப் போட்டு எழுதித் தருகிறேன். தெரியாதவர்கள் கயிறும் கல்லும் எடுத்து நாளை காலையில் மோட்டார் போடுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்.